பதினெட்டாம் எண் தயிர்

கையும் கப்புமாகப் பிடிபட்டான் நெட்டையன்.

பதினெட்டு என்று எழுதிய அவனுடைய தயிர்க் கப், பெஞ்சுக்கு அடியில் பக்கத்துப் பெண்ணிடம் போனது. அவளுடைய சர்க்கரைத் தண்ணீர் இவனிடம் வந்தது. இரண்டு கப்பும் காலியாகும்வரை கண்ணாடியக்கா கதவிடுக்கில் மூச்சுவிடாமல் நின்றாள்.

கப்பைக் கொடுத்து, அது காலியாகும்வரை கண்காணிப்பதுதான் ஆய்வு மாணவியான அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் இட்ட பணி. முப்பது இளவட்டங்கள் வாரம் மூன்று நாள் எடை தூக்கி, துள்ளிக் குதித்து, வியர்த்து வருவார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் பாதிப் பேருக்குத் தயிர், மீதிப் பேருக்குச் சர்க்கரைத் தண்ணீர். எதைச் சாப்பிட்டால் எலும்பு உறுதிப்படும், உடம்புக்குள் மூளும் அழற்சி தணியும் என்பது கேள்வி. பன்னிரண்டாம் வாரம் ரத்தம் எடுத்தால் பதில்.

நடுவில் கப் மாறினால் பதிலும் மாறிவிடும். பேராசிரியர் அதில் நெருப்பு. போன மாதம் பயிற்சி முடிந்த கையோடு ஒரு வாழைப்பழம் தின்றவனை அன்றைக்கே கழற்றிவிட்டார்.

அந்தப் பெண் கை கழுவப் போனதும் கண்ணாடியக்கா உள்ளே பாய்ந்தாள்.

"காதலிக்க ஊர்ல பூங்காவே இல்லையா? என் தயிர்தான் கிடைச்சுதா?"

"ஐயோ அக்கா, காதலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல."

"பின்ன?"

"அவ நெடுந்தூரம் ஓடறவ. ஓடி முடிச்சா பச்சைத் தண்ணிதான். சாப்பிட்டா வெயிட் போட்டுடுமாம். போன வருஷம் மட்டும் ரெண்டு தடவை கால் எலும்புல கீறல். இப்பவும் படி இறங்கறப்ப நொண்டறா. கேட்டா செருப்பு கடிக்குதுங்கறா."

"சாப்பிடச் சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா கேக்கற ஆளா அவ? ஆனா யாராவது சாப்பாட்டை வீணாக்கினா மட்டும் பொறுக்காது. எனக்குத் தயிர் குமட்டுது, கொட்டப் போறேன்னு சொன்னேன். பிடுங்கிக் குடிச்சிட்டா. அன்னையிலேருந்து இப்படியே ஓடுது."

"உனக்கு நிஜமாவே குமட்டுமா?"

நெட்டையன் எச்சில் விழுங்கினான். "தயிர்னா எனக்கு உசுருக்கா."

கண்ணாடியக்கா காலிக் கப்புகளை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினாள். நெட்டையன் பின்னாலேயே வந்தான்.

"சார்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. வெளிய அனுப்பிட்டா அவ மறுபடியும் பட்டினிதான்."

மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இரண்டு வருட உழைப்பு. கட்டுரையில் முதன்முறையாக அவள் பெயரும் அச்சாகப் போகிறது. இரண்டு பொய் ரத்தம் கலந்தால் அத்தனையும் பாழ்.

பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், பன்னிரண்டாம் எண்ணும் பதினெட்டாம் எண்ணும் ஒவ்வொரு தடவையும் கப்பை மாத்திக்கறாங்க."

கூரை பறக்கும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். பறக்கவில்லை. பேராசிரியர் பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

அந்த இரண்டு எண்களின் மீதும் சிவப்பு மையில் கோடு. 'ஆய்விலிருந்து நீக்கம்' என்று அவர் கையெழுத்து. தேதி, இரண்டாம் வாரத்தினுடையது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"கதவிடுக்கு உனக்கு மட்டுமா இருக்கு? அந்தப் பொண்ணு நொண்டறதும் தெரியும்."

"அப்புறம் ஏன் சார் அவங்களை இன்னும் வரச் சொல்றீங்க? ரெண்டு மாசமா கப் குடுத்துட்டு இருக்கேனே! விதிப்படி பாத்தா..."

பேராசிரியர் முறைத்தார்.

"கணக்குலயே இல்லாதவங்க எதைக் குடிச்சா நமக்கென்னம்மா?"