தலைமேல் வைத்த கை

அவர் தலை சூடாக இருந்தது.

அவள் கை அதன்மேல் இருந்தது. சாயம் பூசிய முடியிலிருந்து எண்ணெயோடு சாயமும் இறங்கி அவள் விரல்நுனிகள் கறுக்கத் தொடங்கியிருந்தன.

ஒன்றும் வரவில்லை.

மண்டியிட்டிருந்தவர் வேட்பாளர் கந்தவேல். காலையில் அம்மன் கோவிலுக்குப் போய்விட்டு நேரே இங்கே வந்திருந்தார். நெற்றியில் துடைத்த திருநீறு ஓரத்தில் கொஞ்சம் மிச்சம். அவருடைய ஆட்கள் தோளில் கட்சித் துண்டோடு, செருப்பை எங்கே விடுவதென்று தெரியாமல் பந்தலின் ஓரத்தில் நின்றார்கள். ஒருவன் செல்போனை உயர்த்திப் பிடித்திருந்தான்.

சபையார் எல்லோரும் அவரை நோக்கிக் கை நீட்டியிருந்தார்கள். பாஸ்டர் தேவஇரக்கம் அவள் வாயருகே மைக்கைப் பிடித்திருந்தார்.

காத்திருந்தார்கள்.

அவள் வழியாகக் கர்த்தர் பேசுவார் என்பது இந்தச் சபையில் எல்லோருக்கும் தெரியும். முதலில் நாக்கில் லேசாக உப்புக் கரிக்கும். பிறகு ஒரு சொல் வரும். சின்னச் சொல்தான். போ. பொறு. திருப்பிக் கொடு. பெரும்பாலும் கேட்க வந்தவர் விரும்பாத சொல்.

அதனால்தான் நம்பினார்கள்.

இன்று நாக்கு வறண்டு கிடந்தது.

ஜெபவீட்டைப் பூட்டியது போன மழைக்காலத்தில். வீடு கட்ட வாங்கிய அனுமதியில் ஜெபம் நடத்துகிறார்கள் என்று யாரோ மனு கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்து சீல் வைத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகு ஒரு விசுவாசியின் தென்னந்தோப்பில் இந்தத் தகரப் பந்தல். இதையும் மாதக் கடைசிக்குள் பிரிக்கச் சொல்லியாகிவிட்டது.

ஜெயித்தால் பூட்டைத் திறந்து தருவதாகக் கந்தவேல் வாக்குக் கொடுத்திருந்தார். பதிலுக்கு அவர் ஓட்டுக்கூடக் கேட்கவில்லை. அந்த அம்மா என் தலையில் கை வைத்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்றுதான் கேட்டார். அவள் வார்த்தைக்குச் சுற்றுப்பட்டுச் சபைகளில் இருந்த மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது.

நேற்றுச் சாயங்காலம் பாஸ்டர் அவள் வீட்டுக்கு வந்தார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை. கர்த்தர் சொல்வதைத்தான் நீங்கள் சொல்லவேண்டும், நான் குறுக்கே வரமாட்டேன் என்றார்.

காப்பி ஆறியது.

சபையின் கஷ்டம் உங்களுக்குத் தெரியாததல்ல என்றார்.

இப்போது அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"எல்லாச் சாமிக்கும் ஒரு கும்பிடு போடுதாரு, பாத்தியா."

"போடட்டும்ட்டி. பூட்டு நம்மளுதுல்லா."

முன்வரிசையில் பாக்கியத்தாய் இருந்தாள். அவள் புருஷனின் சவப்பெட்டியை ஜெபவீட்டுக்குள் கொண்டுபோக முடியவில்லை. தெருவில் வைத்துத்தான் அடக்க ஆராதனை நடந்தது. பாட்டுக்கு நடுவில் லாரிக்கு வழிவிடப் பெட்டியைத் தூக்கி ஓரமாக நகர்த்தினார்கள். பாக்கியத்தாய் அழுகையை நிறுத்திவிட்டுப் பெட்டியின் பின்னாலேயே நகர்ந்தாள்.

நீண்டிருந்த கைகளில் பாக்கியத்தாயின் கைதான் அதிகம் நீண்டிருந்தது.

ஜெயம்.

அந்த ஒரு சொல் போதும். பொய் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அவர் ஜெயித்துவிடவும் கூடும். கர்த்தர்கூடக் கோபித்துக்கொள்ளமாட்டார். அவருடைய வீட்டுக்காகத்தானே.

சொல் வாய்க்குள் தயாராக இருந்தது.

உப்பு இல்லாமல்.

ஆவி நிறைந்து அந்நிய பாஷையில் ஜெபித்துக்கொண்டிருந்தவர்களும் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். தகரத்தின்மேல் ஏதோ விழுந்து உருண்டது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கந்தவேல் தலையைத் தூக்காமல், மைக்கில் விழாதபடி, அவளுக்கு மட்டும் சொன்னார்.

"ஏதாவது சொல்லுங்கம்மா. பயலுவ வீடியோ எடுக்கானுவ."

குரலில் அதட்டல் இல்லை. அவள் விரல்களின் கீழே அந்தத் தலை நடுங்கிக்கொண்டிருந்தது. பார்த்தால் தெரியாத நடுக்கம். கை வைத்தவளுக்கு மட்டும் தெரிந்தது.

பாஸ்டர் மைக்கை இன்னும் கொஞ்சம் நெருக்கினார். அவர் கண்களை மூடியிருந்தார். இறுக்கி மூடியிருந்தார்.

அவள் வாயைத் திறந்தாள்.

"கர்த்தர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"ஆமென்" என்றது சபை.

பழக்கம். அவள் பேசினால் ஆமென். பாக்கியத்தாய் அல்லேலூயாவும் சொன்னாள். முடிந்துவிட்டது என்று நினைத்துக் கட்சிக்காரர்கள் கைதட்டினார்கள்.

பிறகுதான் அந்த வாக்கியம் வரிசை வரிசையாகப் போய்ச் சேர்ந்தது.

கைதட்டல் நடுவிலேயே நின்றது. நீட்டிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. பாக்கியத்தாய் தன் கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பாஸ்டர் கண்களைத் திறந்தார். அவளைப் பார்க்கவில்லை. மைக்கை அணைத்தார்.

செல்போன் பிடித்தவன் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

அவள் கையை எடுத்தாள்.

ஆட்களில் ஒருவன் முன்னால் வந்து குனிந்தான். "அண்ணாச்சி, எந்திங்க. அடுத்த ஊர்ல ஆளு காத்துக்கெடக்கு."

கந்தவேல் எழுந்திருக்கவில்லை.

தலையை அவள் கைப்பக்கமாக இன்னும் கொஞ்சம் தாழ்த்தினார்.