பிரேக் விளக்கு

“இது எலி கடிச்சதில்ல சார்,” என்றார் வயர்மேன்.

ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருந்த விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு டார்ச்சை அடித்தார். அவன் குனிந்து பார்த்தான். ஹேண்ட் பிரேக்கிலிருந்து வரும் வயரில் ஒரு விரல் நீளத்துக்கு மேல்தோல் இல்லை. அந்த இடத்தில் இன்னொரு வயரை முறுக்கி, மறுமுனையை இருக்கையின் போல்ட்டில் மாட்டியிருந்தது. சுற்றியிருந்த கறுப்பு டேப்பை வயர்மேன் அப்போதுதான் பிரித்திருந்தார்.

“பிளேடால சீவியிருக்காங்க. இந்த வயர் வண்டியோட இரும்பைத் தொட்டுக்கிட்டே இருந்தா டேஷ்போர்டுல சிவப்பு பிரேக் விளக்கும் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். நீங்க பாட்டுக்கு ஆயில் மாத்தி, சென்சார் மாத்தி, சுவிட்ச் மாத்தி… ஜுரம் ஒருத்தனுக்கு, ஊசி இன்னொருத்தனுக்கு.”

“அப்போ பிரேக்?”

“பிரேக் கல்லு மாதிரி இருக்கு.”

“வேணும்னே செஞ்சிருக்காங்கன்னா சொல்றீங்க?”

“செஞ்ச கை நல்ல கை சார். டேப்பைச் சுத்தி, நுனியை உள்ள மடிச்சு விட்டிருக்கற அழகைப் பாருங்க. இங்க வேலைக்கு வந்தா நாளைக்கே சேத்துக்குவேன்.”

வயர்மேன் சிரித்தார். அவன் அந்த டேப் துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அந்தக் கையை அவனுக்குத் தெரியும். வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்கும் மேசை விளக்குக்கும் டேப் சுற்றிய கை. நுனியை உள்ளே மடித்துவிடுவது அவன் மனைவியின் வழக்கம்.

வயரைப் பிரித்ததும் விளக்கு அணைந்தது. வீடு வரும்வரை அவன் பார்வை அந்த இருண்ட இடத்துக்கே போய் வந்தது.

அப்பா ஆயுள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு, பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவதுதான் அவருக்கு டிரிப். விளக்கு எரிய ஆரம்பித்ததிலிருந்து அவர் சாவியைத் தொடவில்லை. “சிவப்பு எரிஞ்சா டிப்போவை விட்டு வண்டியை எடுக்க மாட்டோம். ஏன்னு எந்தக் கொம்பனும் கேக்க முடியாது” என்று சொல்லிவிட்டார்.

அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அவன் மனைவி கேட்டிருந்தாள். “மாமாவை இனிமே ஓட்ட வேண்டாம்னு சொல்லுங்களேன்.”

“ஏன்?”

“சும்மாதான். வயசாகுதில்ல.”

“எங்கப்பாகிட்ட ஓட்டாதீங்கன்னு சொல்லணுமா? தைரியமிருந்தா நீயே போய்ச் சொல்லு.”

அவள் சொல்லவில்லை. பிளேடை எடுத்திருக்கிறாள்.

வீட்டில் அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். குழந்தை உள்ளே ஏதோ எழுதிக்கொண்டிருந்தது. அவன் குழந்தை இருந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, டேப் துண்டை மேசைமேல் வைத்தான்.

“இது யார் வேலை?”

அவள் டேப்பைப் பார்த்தாள். பிறகு மாமனாரைப் பார்த்தாள்.

“என் வேலைதான்.”

மறுப்பாள் என்று நினைத்து, வழியெல்லாம் வாதங்களை அடுக்கி வைத்திருந்தான். எதுவும் தேவைப்படவில்லை.

“குழந்தை போற வண்டியில கை வெச்சிருக்க.”

“பிரேக்கைத் தொடல. விளக்கு மட்டும்தான்.”

“ஒரு நாய்க்குட்டி மேலகூட ஏத்தாம ஓட்டின மனுஷன். அவரை மூலையில உக்கார வெக்க உனக்கு ஒரு முழம் வயர் போதுமா?”

“தப்புதாங்க.”

“என்கிட்ட எதுக்குச் சொல்ற? அவர்கிட்ட கேளு மன்னிப்பு.”

அவள் திரும்பினாள். “மன்னிச்சிடுங்க மாமா.”

அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு வலித்திருந்தால் இப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று அவன் நினைத்தான். கார் சாவியை எடுத்து நீட்டினான்.

“இந்தாங்கப்பா. விளக்கு அணைஞ்சாச்சு. நாளைக்குப் பாப்பாவை நீங்களே கூட்டிட்டுப் போங்க.”

சாவி அவர் கைக்குப் போவதற்குள் அவள் குறுக்கே வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேண்டாங்க. என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. சாவியைக் குடுக்காதீங்க.”

“பாத்தீங்களாப்பா, எவ்வளவு நெஞ்சழுத்தம்னு?”

“அவளை ஒண்ணும் சொல்லாத. நீ சாவியை உள்ள வை,” என்றார் அப்பா. பிறகு அவளிடம், “போதும்மா. எனக்காக நீ இவ்வளவு பேச்சு வாங்கினது போதும்.”

அவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“நான்தான்டா செய்யச் சொன்னேன். எனக்கு ஓட்டத்தான் தெரியும், இந்த வயர் வேலையெல்லாம் தெரியாது. முடியாதுன்னுதான் சொன்னா. கெஞ்சிச் செய்ய வெச்சேன். உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு வாக்கும் வாங்கினேன்.”

“எதுக்குப்பா?”

“என்னால முடியலன்னு உன் முகத்தைப் பாத்துச் சொல்ல வாய் வரல.”

அப்பா குனிந்து தன் வலது காலைக் கைகளால் தூக்கி, யாருடையதோ போல முன்னால் வைத்தார்.

“சர்க்கரை. உணர்ச்சியே இல்ல. அன்னிக்கு ஸ்கூல் வாசல்ல பசங்க குறுக்க போறாங்க. நான் பிரேக்கை அழுத்தி மிதிக்கறேன், வண்டி நிக்கல. ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். பக்கத்துல இருந்த பாப்பா குனிஞ்சு பாத்துட்டு மெதுவா சொன்னா: ‘தாத்தா, உங்க கால் பிரேக் மேலயே இல்ல.’”