பெயர் வரும் இடம்

டார்லிங் ஆற்றங்கரையில், கால்பந்து கிளப்பின் தகரக் கொட்டகைக்குள் சாசேஜும் வெங்காயமும் அடுப்பில் சீறுகின்றன. ஆணித் துளைகள் வழியே மாலை வெயில் ஊசி ஊசியாக இறங்குகிறது. டெல்மா அத்தையின் வீட்டுக் கூரையைப் புயல் பிடுங்கிப் போட்டுவிட்டது; எங்கள் கவிஞரான அவளுக்குக் கூரை போட ஊரே காசு வாளி ஏந்தி நிற்கிறது. பஸ்ஸில் வந்த நகரத்து ஆட்கள் கேட்பது ஒரே ஒரு கவிதையை. அதில் ஒவ்வொரு பத்தி முடிவிலும் அத்தை தன் தம்பியைப் பெயர் சொல்லி அழைப்பாள். தம்பி போன மாதம் இறந்துவிட்டார். இறந்தவர் பெயரை எங்கள் பழங்குடியில் உச்சரிப்பதில்லை.

"அப்பா பேரு வாயில வந்துடப் போகுது அத்தை. அந்த மீன் கவிதையப் படியேன்," என்கிறாள் தம்பியின் மகள் ரோவீனா.

"மீனுக்கு இவங்க ஓட்டைக் குடைகூடத் தர மாட்டாங்கடி. தள்ளு."

அத்தை படிக்கிறாள். பெயர் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்கிறாள். யாரோ அடுப்பை அணைக்கிறார்கள். அந்த மௌனத்தில், பெஞ்சுக்கடியில் படுத்திருக்கும் தம்பியின் நாய் காதை நிமிர்த்துகிறது. இரண்டாவது மௌனத்தில் எழுந்து நிற்கிறது. வாளி நிறைந்து திரும்பி வருகிறது. அதை யாரும் பார்க்கவில்லை. கடைசி மௌனத்தில் நாய் திறந்த கதவருகே போய், வெறும் வெளியைப் பார்த்து வாலாட்டுகிறது. குளிர்காற்று நுழைகிறது. ரோவீனா கதவில் கை வைக்கிறாள்.

"சாத்தாதடி," என்கிறாள் அத்தை மைக்கிலேயே. "வரட்டும்."