அண்ணா சொல்லாத வார்த்தை

“நான் ஒண்ணு கேக்குறேன், மனுஷன்னா கொஞ்சமாவது ஈரம் வேணாமா?” என்றார் எங்கள் குடியிருப்பின் செக்ரட்டரி.

எதைச் சொன்னாலும் “நான் ஒண்ணு கேக்குறேன்” என்றுதான் ஆரம்பிப்பார். அதை மூக்காலேயே சொல்லணும், அப்பத்தான் அச்சு அசல் அவர். அந்தக் குரலில் அவர் வீட்டுக்கே போன் போட்டு, ‘ராத்திரி சாப்பாடு வேணாம்’ என்று நான் சொல்லியிருக்கிறேன். பாவம், பட்டினி.

இப்போது சிரிக்க முடியவில்லை. என் காது அப்பாவின் கையில் இருந்தது.

“அப்படி என்ன பண்ணினான்?” என்றார் அப்பா.

“நேத்து தண்ணித் தொட்டியப் பாக்க மாடிக்குப் போனேன். மூணாவது மாடி வீட்ல லெஃப்டினன்ட் குரல் கேக்குது! எனக்குக் கை கால் ஓடல. கதவு வேற லேசாத் திறந்திருக்கு. எட்டிப் பாத்தா, உங்க வீட்டுக் கிளி நிக்குது!”

கிளி நான்தான். பேர் வைத்ததே அந்த மூணாவது மாடி லெஃப்டினன்ட் அண்ணாதான். பட்டாளத்திலிருந்து லீவில் வந்தால் என்னை எல்லார் மாதிரியும் பேசவிட்டு, கடைசியில் தன் மாதிரியும் பேசச் சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அப்போது எனக்குக் கீச்சுக் குரல். இப்போது குரல் உடைந்த பிறகு அப்படியே பொருந்திவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் போரில், ஆற்றுப் பாலத்தோடு போய்விட்டார் அண்ணா. அவருடைய டிரங்குப் பெட்டி வந்தது. தொப்பி வந்தது. அவரைத் தேடினார்கள், அப்புறம் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

“அவரோட அம்மாகிட்டயே போய் அவர் குரல்லயாடா பேசின?” அப்பா காதைத் திருகினார்.

“பேசினது மட்டுமா சார்? ‘அம்மா, நான் போறேன்’ங்கறான்! நான் ஒண்ணு கேக்குறேன், வாசப்படி தாண்டும்போது யாராவது ‘போறேன்’னு சொல்வாங்களா? ‘போயிட்டு வரேன்’னுதானே சொல்லுவோம்? புள்ளையப் பறிகொடுத்தவ காதுல போயா அதைச் சொல்றது?”

பளார்!

“ஏண்டா சொன்ன? வாயைத் திறடா!”

இருபது குரலில் பேசுகிற வாய். ஒன்றுகூட வரவில்லை.

“நட மேல. அவங்க கால்ல விழு.”

நியாயம் பார்க்க செக்ரட்டரியும் கூடவே படியேறினார்.

கதவைத் திறந்த அண்ணாவின் அம்மா, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிற வேலை. வெள்ளைக் கோட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தார். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“பாத்தீங்களா, ராத்திரியெல்லாம் அழுதிருக்காங்க” என்று செக்ரட்டரி முணுமுணுத்தார்.

அப்பா கைகூப்பினார். “மன்னிச்சிடுங்கம்மா. இந்தத் தறுதல நேத்து உங்க புள்ள குரல்ல…”

“ஐயையோ, புள்ளைய அடிச்சீங்களா?” என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல் தடம் நன்றாகவே தெரிந்திருக்கும். “அவன் குரல்ல அப்படிச் சொல்லுடா கண்ணுன்னு கெஞ்சினதே நான்தாங்க. மாட்டவே மாட்டேன்னான். வெளியில சொல்லிடாதே, எனக்குப் புத்தி பிசகிடுச்சும்பாங்கன்னேன். அதுக்காக அடிய வாங்கிட்டு நிக்கிறான் பாருங்க!”

என் காது விடுபட்டது.

“நான் ஒண்ணு…” செக்ரட்டரிக்கு மூக்குக் குரல் வரவில்லை. “எதுக்கும்மா அப்படிச் சொல்லச் சொன்னீங்க?”

“கிளம்பறப்ப ‘வரேம்மா’ன்னுட்டுத்தான் போனான் என் மகன். வேற ஒண்ணும் சொல்லல. உடம்பும் வரல. வரேன்னு சொன்னவனுக்காக உக்காந்து எப்படிங்க அழறது? நாலு வருஷமா ஒரு சொட்டுக் கண்ணீர் வரல.”

கோட்டின் இன்னொரு கையையும் மாட்டிக்கொண்டு, என் தலையில் கையை வைத்தார்.

“இவன் புண்ணியத்துலதான், ‘சரிப்பா, போ’ன்னு நேத்து என் புள்ளைய வழியனுப்பினேன்.”