மூன்றாம் அறை இணைப்பு

"என்ர அறையை மட்டும் பழைய பெட்டியிலேயே விட்டிடும், தம்பி" என்றாள் யோகராணி.

ஏணியில் நின்ற மாக்கஸ் திரும்பிப் பார்த்தான். அலுவலகத்தின் நெட்வேர்க்கை மாற்ற விட்பி நகரிலிருந்து வந்திருந்தான்.

பழைய பெட்டியில் பன்னிரண்டு கணினிகளும் ஒரே பாதையில் முண்டியடித்தன. ஒருவர் பெரிய கோப்பை அனுப்பினால் மற்ற அறைகளில் வீடியோ அப்படியே நின்றுபோகும். சுவிட்ச் என்ற புதிய பெட்டியில் ஒவ்வொரு கணினிக்கும் தனி வழி. வேகமும் நூறு மடங்கு.

அஜின்கோர்ட் பகுதியில் இருந்த அந்த அலுவலகத்திலிருந்துதான் மொழிபெயர்ப்பாளர்கள் அகதி விசாரணைகளில் வீடியோவில் இணைவார்கள். படம் நிற்பதைப் பற்றி எல்லோரும் முதலாளி அல்பேட்டிடம் முறையிட்டிருந்தார்கள், யோகராணியைத் தவிர.

"அல்பேட் அண்ணை எல்லா அறையும் மாத்தச் சொன்னவர், அன்ரி. ஸ்பீட் கூடினா உங்களுக்கு என்ன கரைச்சல்?"

மாக்கஸ் மூன்றாம் அறையின் கேபிளைப் பிடுங்கிப் புதியதில் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது.

காரணத்தை அவளால் யாரிடமும் சொல்ல முடியாது.

சில கேள்விகளில் திரையில் இருக்கும் அகதிகள் உடைந்துபோவார்கள். அப்போதெல்லாம் அவள், "மன்னிக்கவும், என் லைன் நின்றுவிட்டது" என்பாள். அரை நிமிடம் கிடைக்கும். அவர்கள் முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள், தண்ணீர் குடிப்பார்கள். லைன் உண்மையாகவே அடிக்கடி நின்றதால் யாரும் சந்தேகப்படவில்லை.

உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று ஒவ்வொரு விசாரணையிலும் சத்தியம் செய்பவள் அவள். பிடிபட்டால் வேலை போய்விடும்.

பகல் ஒன்றரைக்கு விசாரணை. மன்னாரிலிருந்து அகதியாக வந்த றீற்றா திரையின் ஒரு சதுரத்தில் இருந்தாள். மற்றதில் விசாரணை அதிகாரி. நரைத்த தலை, உணர்ச்சி காட்டாத முகம். நாலு வருடமாக யோகராணி அவருடைய விசாரணைகளில் மொழிபெயர்த்து வருகிறாள்.

"புதிய நெட்வேர்க் என்று அல்பேட் எழுதியிருந்தார். இனித் தடங்கல் இருக்காது, நல்லது" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

யோகராணி தலையாட்டினாள். றீற்றாவின் உதட்டு வெடிப்புக்கூடத் திரையில் தெரிந்தது.

நாற்பது நிமிடம் ஒழுங்காகப் போனது. பிறகு அவர் கேட்டார்: தம்பியைப் பிடித்துக்கொண்டுபோனபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்?

யோகராணி அதைத் தமிழில் சொன்னாள்.

றீற்றா வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. ஐந்து விநாடி. பத்து விநாடி.

பதில் இல்லை என்று பதிவாகிவிட்டால் அவளுடைய வழக்குக்கு அது கூடாது. யோகராணியின் விரல் ஒலியை நிறுத்தும் பொத்தான்வரை போய் நின்றது. இன்றைக்கு எந்தப் பொய்யும் எடுபடாது.

அப்போது அதிகாரி சொன்னார்: "மன்னிக்கவும், எனக்கு இங்கே படமும் சத்தமும் நின்றுவிட்டன. சரியாகும்வரை பொறுங்கள்."

யோகராணி பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

"அவருக்கு லைன் நிண்டிட்டுதாம். கொஞ்சம் பொறுக்கட்டாம், தங்கச்சி."

தங்கச்சி என்பது அவர் சொன்னதில் இல்லை.

றீற்றா மேசையில் முகம் கவிழ்ந்து அழுதாள். அதிகாரி கோப்பையை எடுத்து அவசரமில்லாமல் குடித்தார். ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. அவர் எதையும் தட்டிப் பார்க்கவில்லை, யாரையும் உதவிக்குக் கூப்பிடவுமில்லை.

றீற்றா கண்களைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்போது சரியாகிவிட்டது" என்றார் அதிகாரி.