காலி என்று காட்டுவது

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் இசக்கிமுத்துவுக்கு லெவர் துப்பாக்கி என்றால் பித்து. அடியில் இருக்கும் வளையத்தைத் தள்ளி இழுத்தால் தோட்டா ஏறுகிற பழைய ரகம் அது. தேடித் தேடிச் சேர்த்திருந்தார். மகன் செத்த பிறகு அவர் பேச்சு நின்றுபோய், லெவரின் சடக் சத்தம் மட்டும்தான் வீட்டில் கேட்டது. தன்னையே ஏதும் செய்துகொள்வாரோ என்று மனைவி கோமதி பயந்துபோய்த் தோட்டாக்களை அள்ளிக் கிணற்றில் போட்டாள். அவர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவளுக்குப் பயம் கூடிப்போனது.

தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டுமல்லவா, ஏட்டு பால்துரை ஜீப்போடு வந்தார்.

“என் சக்களத்திகளக் கூட்டிட்டுப் போங்க தம்பி. ஓட்டு எண்ணின பொறவும் அங்கனயே கெடக்கட்டும்,” என்றாள் கோமதி.

“ஐயா சும்மா விடுவாகளாம்மா?” என்று ஏட்டு சிரித்தார்.

காலி என்று காட்டித்தான் கொடுக்க வேண்டும். இசக்கிமுத்து ஒவ்வொன்றாக லெவரைத் தள்ளிக் காட்டிக் கொடுத்தார். கட்டிலுக்கடியிலிருந்து எடுத்ததை மட்டும் மடியிலேயே வைத்திருந்தார்.

“ஐயா, அதும்...”

தள்ளினார். ஒரு தோட்டா துள்ளி விழுந்து கோமதியின் காலடிக்கு உருண்டு வந்தது. ஏட்டு சுவரைப் பார்த்துக்கொண்டார்.

“இத்தன நாளும் உள்ளதான் இருந்துச்சா?” என்றாள் கோமதி.

அவர் துப்பாக்கியை ஏட்டிடம் நீட்டினார்.

“நீ ஒருத்தி இருக்கியே,” என்றார். குறை சொல்வதுபோலத்தான் இருந்தது.