மேலிருந்து ஒரு ஷாட்

ஆறுமுகநேரி உப்பளத்தில் குறும்படம் எடுக்க, சுடலைச்செல்வி நடிப்பதற்குத் தன் தம்பி செந்தூர்வேலை மட்டும்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். தனித்துப்போன ஒருவனின் கதை. ஆளைத் தூரத்தில் நிறுத்தி, அந்த வெள்ளை வெளியில் புள்ளியாகக் காட்டினால் போதும், வசனமே வேண்டாம் என்பது அவள் கணக்கு. பிறகு முகத்துக்கு ஒரு குளோசப். இரண்டையும் எடுத்து முடித்து, கேமராவிலேயே போட்டுப் பார்த்தாள்.

மூன்றாவதாக ஒரு ஷாட் இருந்தது. நேர் மேலிருந்து எடுத்தது. அதில் தம்பி பூச்சியைப்போலத் தெரிந்தான். அண்ணாந்து பார்த்து, கெஞ்சுவதுபோலக் கைகூப்பினான். சுற்றிலும் மரமோ கம்பமோ கிடையாது. அவர்களிடம் டிரோனும் இல்லை.

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். "ஏலே, இங்கன வா. எப்பம்லே மேல பாத்துக் கும்பிட்ட?"

"நீதானக்கா மேலருந்து சொன்ன, கும்புடுலேன்னு. எதுல ஏறுனியோன்னு நெனச்சேன்."

"நான் தரையவிட்டு அசையவே இல்லலே."

இருவரும் திரையின்மேல் குனிந்தார்கள். ஷாட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் அக்காவும் தம்பியும் ஒரு கேமராவின்மேல் குனிந்து நின்றார்கள். அவள் தம்பியின் கையைப் பிடித்தாள். திரையிலும் பிடித்தாள்.

"அக்கா, அண்ணாந்து பாக்கட்டுமா?"

"வேண்டாம்லே. குனிஞ்சே நில்லு."

உச்சி வெயிலில் பிடரி சில்லிட்டது. திரையில் இரண்டு தலைகளும் மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தன. கடைசியில் அவளுடைய வகிடு மட்டும் தெரிந்தது.